திறந்த வாசலும் தெரிந்த முகமும்

சேலம் ஜில்லாவில் மேட்டூரை அடுத்துள்ள மேச்சேரியின் பெயரை, அவ்வூர்ப் பத்திரகாளியம்மனைத் தரிசித்திராதவர்களும் ஆட்டின் மூலமாக அறிந்திருப்பார்கள். மேச்சேரி ஆடு இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர் போனது. அவ்வினத்தைப் பேணுவதற்கென்றே பொட்டனேரியில் 1978-ம் வருஷம் ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நம் நாட்டுக் கால்நடைச் சந்தைகள் யாவும் திறந்த வெளியில் கூடுகிறவை. வேலியும் இல்லை, காவலும் இல்லை. எவரும் வரலாம், எவரும் பார்க்கலாம். ஆனால் விலை பேசும் நேரத்தில் தரகர் தம் தோள் துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக்கொள்வார். விரலோடு விரல் பேசி விலை முடியும். எந்த ஆடு நல்ல ஆடு என்பதைச் சந்தையில் நின்ற அனைவரும் கண்டிருப்பார்கள்; எந்த ஆடு ஏன் அந்த விலைக்குப் போயிற்று என்பதைத் துண்டுக்கு அடியிலிருந்த இரண்டு கைகளே அறியும்.

இந்தத் துண்டை நாம் இன்று நினைவு கூர்வது ஆட்டு வியாபாரத்தைக் குறித்து எழுதுவதற்காக அன்று. உலகத்தின் மிகப் பெரிய திறந்த சந்தை என்று சொல்லத்தக்க வேறொன்று இருக்கிறது. திறந்த மூல மென்பொருள் என்று அதற்குப் பெயர். கணினியை இயக்கும் நிரலை ஒரு கம்பெனி தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளாமல், எவரும் படிக்கவும், எடுத்துக்கொள்ளவும், திருத்தவும், திருத்தியதை மூலத்தில் சேர்க்கும்படி கேட்கவும் உரிமையளிக்கும் ஏற்பாடு அது. இதனால் உலகம் பெற்றிருக்கும் நன்மை கொஞ்சநஞ்சமன்று. ஆயினும் வாசல் திறந்திருக்கிறதென்பதும், உள்ளே போனவர்களை உட்காரச் சொல்கிறார்களென்பதும் ஒன்றல்ல.

மேச்சேரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். 2011-ம் வருஷம் செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் அரசினர் பள்ளி மாணவர்கள் கையில் வந்த கருவிகளில் விண்டோஸோடு கூட 'பாஸ்' என்ற இயங்குதளமும் இருந்தது. மத்திய அரசாங்கத்தைச் சார்ந்த ஸி-டாக் ஸ்தாபனத்தார் சென்னையில் உருவாக்கியது அது. அதன் அஸ்திவாரம், 1993-ல் தொடங்கி உலகெங்குமுள்ள தொண்டர்கள் கட்டி வரும் டெபியன். அதற்கும் அடியில் இருப்பது, 1991-ல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ். ஆகவே பள்ளி மேஜையின் மேல் வைக்கப்பட்ட அந்தச் சிறு பெட்டியின் மூலம், பின்லாந்தில் முளைத்த வித்து மேச்சேரி வரையில் கொடி வீசிவிட்டதென்றே கொள்ளலாம்.

அக்கொடியைப் பிடித்துக்கொண்டு மேச்சேரியிலிருந்து எதிர்த் திசையில் ஒருவர் ஏற முடியுமா? இதுவே கேள்வி. அங்கே ஒரு மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் தட்டெழுதும்போது ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்பதற்குப் பதிலாகப் பின்னே போய் விழுவதை அவள் காண்கிறாள். மூல நிரலைப் படித்துத் தவறு எங்கே என்று கண்டுபிடித்து, பத்து வரியில் திருத்தியும் விடுகிறாள். திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி முறைப்படி மனுவும் அனுப்புகிறாள். மனு அனுப்ப எவருடைய சிபார்சும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் அதைச் சேர்க்கும் உரிமை, பராமரிப்பாளர் எனப்படும் ஒரு சிலருக்கே உண்டு. அவர்கள் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். கேள்வி மேல் கேள்வி கேட்கலாம். ஒன்றுமே சொல்லாமல் மாதக்கணக்கில் கிடப்பில் போடலாம். மறுப்பைவிட மௌனமே அதிகம் என்று இத்துறையில் உழைப்பவர்கள் நம்மிடம் சொல்லுகிறார்கள்.

எதைப் பார்த்து அவர்கள் தீர்மானிக்கிறார்கள்? நிரலின் தகுதியை மட்டுமே என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. அந்த விடை பாதிதான் உண்மை. 2014-ல் ஹைதராபாத்தில் கூடிய சர்வதேச மென்பொருள் பொறியியல் மகாநாட்டில், அமெரிக்காவின் கார்னெகி மெலன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மூவர் ஒரு கட்டுரை சமர்ப்பித்தார்கள். கிட்ஹப் என்ற பொது மேடையில் வந்த திருத்த மனுக்களை ஆராய்ந்து எழுதியது அது. திருத்தத்தின் தரத்தோடு கூட, அனுப்பியவருக்கும் பராமரிப்பாளருக்கும் முன்னமே பழக்கம் இருந்ததா என்பதும் முடிவைப் பெரிதும் பாதித்ததை அவர்கள் கண்டார்கள். 2017-ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சி இன்னும் கசப்பானது. பெண்கள் அனுப்பிய திருத்தங்கள் மொத்தத்தில் ஆண்களுடையதைவிடச் சற்று அதிகமாகவே ஏற்கப்பட்டன. ஆனால் திட்டத்துக்குப் புதியவராக வந்த பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பெயரும் படமும் பெண்ணென்று காட்டாத இடத்தில் நூற்றுக்கு 72-க்கு நெருக்கமாக இருந்த ஏற்பு, பெண்ணென்று தெரிந்த இடத்தில் 62-க்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. புதிய ஆண்களுக்கும் இறக்கம் உண்டு. ஆனால் இவ்வளவு இல்லை. நம் மேச்சேரி மாணவி தன் சொந்தப் பெயரில் கையொப்பமிடுவதா, புனைபெயர் வைத்துக்கொள்வதா என்று அவளுக்கு யோசனை சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டியிருப்பது வெட்கத்துக்குரியது.

செல்வாக்கு எப்படி வேலை செய்கிறதென்பதை எண்ணிக்கையைவிட ஒரு மனிதரின் சரித்திரம் நன்றாகக் காட்டும். கான் கோலிவாஸ் என்பவர் ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து வைத்தியர். நிரல் எழுதுவது அவருடைய ஜீவனோபாயம் அன்று. தம்முடைய வீட்டுக் கணினியில் லினக்ஸ் தடுக்கித் தடுக்கி ஓடுவதைப் பொறுக்காமல், தாமே நிரல் மொழியைக் கற்று, ஒரே சமயத்தில் நடக்கும் பல வேலைகளுக்கு நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதியைச் சீர்திருத்த முனைந்தார். எல்லா வேலைக்கும் நியாயமான பங்கு என்பதே அவர் கொள்கை. 2007-ம் வருஷத் தொடக்கத்தில் அவர் எழுதி வெளியிட்ட பங்கீட்டு முறையைப் பலர் தங்கள் கணினிகளில் ஓட்டிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். அது மூலத்தில் சேர்ந்துவிடும் என்றே அவரைச் சார்ந்தவர்கள் நம்பினார்கள்.

சேரவில்லை. அந்தப் பகுதியை முன்னரே எழுதிப் பராமரித்து வந்தவர் இங்கோ மோல்னார். ரெட் ஹாட் கம்பெனியில் பணியாற்றியவர். டோர்வால்ட்ஸின் நெடுநாளைய நம்பிக்கைக்குப் பாத்திரமானவர். நியாயமான பங்கு என்ற அதே கொள்கையை எடுத்துக்கொண்டு அவர் ஏப்ரல் மாதத்தில் சில நாட்களுக்குள் புதிதாக ஒரு நிரல் எழுதினார். கோலிவாஸின் வேலையிலிருந்து தாம் பெற்றதை அவர் மறைக்கவில்லை. வெளிப்படையாகவே நன்றி கூறினார். அவ்வருஷம் அக்டோபரில் வெளியான லினக்ஸில் இடம் பெற்றது மோல்னாரின் நிரலே. கோலிவாஸோ அதற்குள் மனம் கசந்து விலகிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து வேறொரு பங்கீட்டு முறையோடு அவர் திரும்பி வந்தபோது, மூலத்தில் சேர்க்கும்படி எவரையும் கேட்கவேயில்லை.

இதில் டோர்வால்ட்ஸ் சொன்ன நியாயத்தையும் வாசகர்கள் கேட்க வேண்டும். நிரல் மட்டும் நல்லதாயிருந்தால் போதாது, நாளைக்குப் பழுது வந்தால் யார் பொறுப்பேற்பார் என்பதையும் பார்க்க வேண்டும். குறை சொல்ல வந்தவர்களோடு கோலிவாஸ் வாதாடினார், மோல்னாரோ குறையைத் தீர்க்கும் வழியைப் பார்த்தார் என்பது அவர் வாதத்தின் சாரம். இது அற்பமான நியாயம் அல்ல. கோடிக்கணக்கான யந்திரங்கள் நம்பியிருக்கும் ஒன்றைப் பரிச்சயமில்லாத ஒருவர் கையில் ஒப்படைக்க யாருக்கும் தயக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பரிச்சயம் எப்படி ஏற்படும்? சம்பளம் கொடுத்து முழு நேரமும் அதிலேயே அமர்த்திவைக்கும் கம்பெனி ஒருவருக்கு இருக்கிறது. மற்றவர் பகலெல்லாம் அறுவை அறையில் நின்றுவிட்டு இரவில் நிரல் எழுதுகிறார். இவ்விருவரில் யார் எப்போதும் கூப்பிட்ட குரலுக்கு வருவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நம்பிக்கையே வேண்டாம், எழுதியதை மட்டும் பார்ப்போம் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு 2024-ம் வருஷத்து விபரீதத்தை நினைவூட்டுகிறோம். தகவல்களைச் சுருக்கிக் கட்டும் 'எக்ஸ்-இஸட்' என்ற சிறு கருவி உலகத்தின் லினக்ஸ் யந்திரங்களில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. அதை நெடுங்காலம் தனியாளாகப் பராமரித்து வந்தவர் லாஸே காலின். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் பொறுமையோடு திருத்தங்கள் அனுப்பி வந்தார். முகமறியாத வேறு சில பெயர்கள், வேலை மந்தமாக நடக்கிறது, புதியவருக்குப் பொறுப்பைக் கொடு என்று காலினை நெருக்கின. களைத்திருந்த மனிதர் இணங்கினார். பொறுப்பைப் பெற்ற ஜியா டான், 2024 பிப்ரவரியில் பிறர் யந்திரத்துக்குள் கள்ளத்தனமாக நுழைய வழி செய்யும் நிரலை உள்ளே வைத்துவிட்டார். உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர் துருவியிராவிட்டால், அந்த மார்ச்சு மாதத்தில் அது வெளிப்பட்டிராது. செல்வாக்கைப் பொய்யாகவும் கட்டலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆகையால் காவல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காவலாளி எதைப் பார்த்து விடுகிறார், எதைப் பார்த்துத் தடுக்கிறார் என்பது எழுத்தில் தெரிய வேண்டும் என்கிறோம்.

தமிழர்களாகிய நமக்கு இவ்விஷயத்தில் சொந்த அனுபவமே இருக்கிறது. அது மென்பொருளுக்கும் முந்திய அடித்தளமான எழுத்துக் குறியீட்டில் நேர்ந்தது. உலக மொழிகளின் எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வரிசைப்படுத்தும் யூனிகோட் என்ற ஏற்பாடு 1991-ல் முதன்முதலாக வெளிவந்தது. இது திறந்த மூல மென்பொருள் அன்று. ஆனால் அம்மென்பொருள்கள் யாவும் நிற்கும் தரை இதுவே. யோசனை அனுப்பும் உரிமை இங்கும் எல்லோருக்கும் உண்டு. தீர்மானிக்கும் முழு வோட்டோ பெருந்தொகை சந்தா செலுத்தும் அங்கத்தினர்களுக்கே உரியது. மைக்ரோஸாஃப்ட், ஆப்பிள், கூகிள் முதலிய கம்பெனிகளும் சில அரசாங்கங்களும் அவ்வகையினர்.

1991-ல் தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது, இந்திய அரசாங்கத்தின் 1988-ம் வருஷத்து இஸ்கி என்ற திட்டத்தையே அவர்கள் பின்பற்றினார்கள். இந்திய மொழிகள் யாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கும் திட்டம் அது. அதன் விளைவை இன்றும் காணலாம். தமிழ்ப் பகுதியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று காலி ஆசனங்கள் கிடக்கின்றன. நமக்கில்லாத எழுத்துக்களுக்கு வைத்த இடம் அவை. நெடுங்கணக்கின் கடைசியில் வரவேண்டிய னகரம் நகரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. றகரம் ரகரத்தை ஒட்டி நிற்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் இவ்வரிசையைப் பிழை என்று சொல்லியிருக்கும். ஆனால் ஒருமுறை கொடுத்த இடத்தை மாற்றுவதில்லை என்பது அந்த ஸ்தாபனத்தின் விதி. உலகெங்கும் எழுதிச் சேர்த்த ஏடுகள் குழம்பிவிடாமல் காப்பதற்கு அவ்விதி அவசியமே. ஆகவே முதல் நாள் மேஜையில் நம்மவர் குரல் ஒலிக்காத குறையை, பின்னால் எத்தனை பேர் எத்தனை வலிமையோடு போனாலும் தீர்க்க இயலவில்லை. அகர வரிசைப்படுத்தும் வேலையைத் தனி நிரல் எழுதிச் சரிக்கட்டிக்கொண்டு வருகிறோம். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கேட்ட முறை யூனிகோடில் ஏறவில்லை. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மகாநாட்டுக் காலத்தில், தமிழ்நாட்டு அரசாங்கம் யூனிகோடையும் அம்முறையையும் சேர்த்தே அங்கீகரித்ததோடு அது நின்றது.

அதே வருஷத்தின் பிற்பகுதியில் நடந்தது வேறு விதம். கிரந்த எழுத்துக்களுக்கென்று யூனிகோடில் ஏற்படவிருந்த பகுதியில் எ, ஒ, ழ, ற, ன என்ற தமிழெழுத்துக்களையும் சேர்க்கும் யோசனை ஆலோசனைக்கு வந்தது. தமிழறிஞர்கள் பலமாக ஆக்ஷேபித்தார்கள். முதலமைச்சர் கருணாநிதி மத்திய அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினார். முடிவு ஒத்திப்போடப்பட்டது. 2014-ல் கிரந்தப் பகுதி வெளிவந்தபோது அவ்வைந்தும் அதில் இல்லை. அதைத் தமிழர் பலர் வெற்றியாகக் கொண்டாடினார்கள். நமக்கும் அது உவப்பான முடிவே. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது. அறிஞர்களின் நியாயங்கள் கடிதத்துக்கு முன்னும் அதே நியாயங்களாகவே இருந்தன. கேட்கப்பட்டது, ஒரு ராஜ்யத்தின் முதலமைச்சர் கேட்டபிறகே. செல்வாக்கு நமக்கு அனுகூலமாக இருந்த நாளிலும் அது செல்வாக்குத்தான். சந்தாவும் முதலமைச்சரும் இல்லாத ஒரு சிறு மலைச்சாதியினரின் எழுத்துக்கு இப்படி ஒரு நெருக்கடி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மற்றொரு காரியம் ஓசையின்றி நடந்தது. முந்திரி, காணி, மா என்று நம் கணக்குப்பிள்ளைகள் நிலத்துக்கும் நெல்லுக்கும் எழுதி வந்த பின்னங்கள், அளவைகள் முதலியவற்றின் 51 குறிகள் 2019-ல் யூனிகோடில் ஏறின. பழைய நூல்களிலிருந்து சான்று காட்டி, ஆக்ஷேபங்களுக்குப் பதில் எழுதி, வருஷக்கணக்கில் விடாமல் நின்றவர்களால் கைகூடியது அது. மேச்சேரி வட்டாரத்துப் பழைய நிலக்கணக்கு ஓலை ஒன்றை இன்று ஒருவர் கணினியில் பெயர்த்தெழுத முனைந்தால் அக்குறிகள் அவருக்கு உதவும்.

செல்வாக்குடையவர்கள் எப்போதும் வெல்வதில்லை என்பதற்கும் தமிழிலேயே உதாரணம் உண்டு. 2009-ஐ ஒட்டிய வருஷங்களில் கூகிள் கம்பெனியார் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தங்கள் கருவியின் துணையால் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவில் நிரப்பினார்கள். நடை கரடுமுரடாக இருந்தது. எடுத்துக்கொண்ட விஷயங்களிலும் தமிழருக்கு வேண்டியவை குறைவு. சம்பளமின்றி அதை வளர்த்து வந்த சிறு தொண்டர் குழு அதற்கு மயங்கவில்லை. பெரிய கம்பெனியாயிற்றே என்று வாய் மூடியும் இருக்கவில்லை. குறைகளைப் பட்டியலிட்டுக் காட்டி, தலைப்புக்களையும் தரத்தையும் குறித்துக் கம்பெனியாரை உட்காரவைத்துப் பேசினார்கள். 2010-ல் போலந்து நாட்டில் கூடிய விக்கிப்பீடியர் மகாநாட்டிலும் அந்த அனுபவத்தை எடுத்துரைத்தார்கள். வாசலில் நின்றவர்கள் தமிழ் படிப்பவர்களாக இருந்ததால் அது சாத்தியமாயிற்று.

இலங்கையின் மொறட்டுவைச் சர்வகலாசாலையின் விஷயம் நம் கல்லூரிகள் கவனிக்கத்தக்கது. திறந்த மூலத் திட்டங்களில் மாணவர்களைச் சம்பளத்தோடு பழக்கும் கோடைக்கால ஏற்பாட்டைக் கூகிள் 2005-ல் தொடங்கியபின், உலகத்திலேயே அதிக மாணவர்களை அதில் புகுத்திய சர்வகலாசாலை என்ற பெயரைப் பல வருஷங்கள் மொறட்டுவை பெற்றிருந்தது. அமெரிக்காவின் பெருங்கலாசாலைகளுக்கு இல்லாத அப்பெயர் அச்சிறு தீவுக்கு எப்படி வந்தது? அப்பாச்சி என்ற திறந்த மூல ஸ்தாபனத்தில் முன்னமே மதிப்புப் பெற்றிருந்த சஞ்சீவ வீரவரண 2003-ல் லங்கா மென்பொருள் ஸ்தாபனத்தை நிறுவினார். இலங்கை இளைஞர்கள் அப்பாச்சியின் திட்டங்களில் வேலை செய்தார்கள். அங்கே ஒருவருக்குச் சேர்க்கும் உரிமை கொடுப்பது, அவர் செய்த வேலையைப் பார்த்து ஏற்கெனவே இருப்பவர்கள் போடும் வோட்டினால். இளைஞர் சிலர் அவ்வுரிமையைப் பெற்றார்கள். பெற்றவர்கள் அடுத்து வந்த மாணவர்களுக்கு வழிகாட்டிகளாக அமர்ந்தார்கள். 2004-ம் வருஷத்துச் சுனாமியின்போது நிவாரண வேலைக்காக அத்தீவில் எழுதப்பட்ட 'சஹானா' என்ற மென்பொருள் பின்னர் வேறு தேசங்களின் துன்பங்களுக்கும் பயன்பட்டது. துண்டுக்கு அடியில் இருக்கும் கை நம்முடையதாக இருந்தால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஒரு கை நுழைந்ததும் பல கைகளுக்கு இடம் பண்ணிற்று என்பதே இதில் நாம் பாராட்டுவது.

நம் நாட்டில் நடப்பதென்ன? திருத்தம் அனுப்புவதைப் போட்டியாக வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். பரிசுக்கு ஆசைப்பட்டு, புள்ளியை நீக்கிக் காற்புள்ளியை இட்டு ஆயிரக்கணக்கில் மனுக்கள் போகின்றன. 2020-ல் இப்படி ஒரு அக்டோபர் மாதப் போட்டியின்போது பராமரிப்பாளர்கள் கூக்குரலிட்டு, விதிகளையே மாற்றும்படி ஆயிற்று. உண்மையாக உழைக்கிற மாணவியின் மனுவும் அக்குப்பையில் ஒன்றாகப் பார்க்கப்படுவதற்கு இத்தகைய போட்டிகள் உதவுகின்றன. பிறர் அனுப்பிய திருத்தத்தைப் படித்துப் பரிசீலித்துப் பதில் எழுதும் வேலைக்கு நம் கல்லூரிகளில் மதிப்பெண் இல்லை, விளம்பரமும் இல்லை. ஆனால் திறந்த மூல உலகில் மதிப்பு வளருவது அவ்வேலையினால்தான்.

மேச்சேரியிலிருந்து ஓமலூர் வழியாகச் சிறிது தூரம் போனால் கருப்பூரில் அரசினர் பொறியியற் கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அவை போன்ற ஒவ்வொரு கலாசாலையும், தமிழெழுத்தைத் திரையில் வரையும் மென்பொருள், எழுத்துப் பிழை திருத்தும் மென்பொருள் போன்றவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். ஓர் ஆசிரியரும் சில மாணவர்களும் மூன்று நான்கு வருஷம் இடைவிடாமல் அதிலேயே இருக்கட்டும். பரிசீலனை வேலையைப் பாடத்தின் பகுதியாகக் கணக்கிடட்டும். பாஸ் இயங்குதளத்தைப் பணம் செலவழித்து நடத்தும் அரசாங்கம், அது நிற்கும் மூலத் திட்டங்களில் பொறுப்பேற்கத் தக்கவர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்துவதில் தவறென்ன? ரெட் ஹாட் கம்பெனி செய்ததை அரசாங்கம் செய்யக்கூடாதென்று எந்தச் சட்டம் சொல்கிறது? திட்டங்களை நடத்துவோரிடமும் ஒன்று கேட்போம். வந்த மனுவை இத்தனை நாளில் பார்ப்போம் என்று சொல்லுங்கள். தள்ளினால் காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். கோலிவாஸுக்கு அக்காரணம் நிரல் தள்ளப்பட்ட பின்னரே முழுதும் தெரிந்தது.

அப்படி ஒருவர் அமர்ந்துவிட்டாரானால், மேச்சேரி மாணவியின் மனு போய்ச் சேரும் நாளில், கொம்பு எந்தப் பக்கம் விழவேண்டும் என்பதை அவளிடமே படம் வரைந்து காட்டச் சொல்ல வேண்டிய அவசியம் இராது. பார்த்தவுடன் அவருக்குத் தெரியும். பத்து வரியையும் படித்து, பிழை இருந்தால் இன்ன வரியில் பிழை என்று அன்று மாலைக்குள் பதில் எழுதிவிடுவார்.